ஒளிரும் இரண்டு பீப்பாய்கள், நடுவில் வளையாத ஒரு கட்டு: மூன்று டொமைன் புரதம் செய்த பதிவு

பதினோரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை போன வாரம் ஒரு முடிவுக்கு வந்தது. ஒளிர்வை அளக்கும் பிளேட் ரீடரில், ஒரு ஒளிர் புரதத்திலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை பங்கு ஆற்றல் தாவுகிறது என்று சொல்லும் மூன்று எண்கள் கிடைத்தன: 0.11, 0.27, 0.15. பெரிய எண்கள் ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் உள்ளது மற்ற இரண்டையும்விட அதிகம் என்பதைப் பார்த்ததும் எழுந்து இரண்டு முறை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த மேடுதான் நான் தேடியது. அதற்கு முன்னால் இரண்டு வடிவமைப்புகள் வீணாகின. அவை ஏன் வீணாகின என்பதுதான் இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு அதிகம் பயன்படும். அதனால் நடந்தபடியே வரிசையாக எழுதுகிறேன்.

செய்ய நினைத்தது இதுதான். ஒரே புரதச் சங்கிலியில் மூன்று டொமைன்கள், அதாவது தனித்தனியாக மடியும் மூன்று பகுதிகள். முதலில் நீலப்பச்சையாக ஒளிரும் எம்டர்குவாய்ஸ்2. கடைசியில் மஞ்சளாக ஒளிரும் எம்வீனஸ். இரண்டும் பச்சை ஒளிர் புரதமான ஜி.எஃப்.பி.யின் வாரிசுகள், ஒவ்வொன்றும் சுமார் 4.2 நானோமீட்டர் உயரமும் 2.4 நானோமீட்டர் விட்டமும் உள்ள பீப்பாய். நடுவில் ஆல்ஃபா3டி என்ற மூன்று ஹெலிக்ஸ் (சுருள்) கட்டு. இது இயற்கையில் இல்லாதது, டிகிராடோ குழுவினர் வடிவமைத்து 1999-இல் கட்டமைப்பை வெளியிட்டது, 73 அமினோ அமிலங்கள். இரண்டு பீப்பாய்களையும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில், குறிப்பிட்ட கோணத்தில், ஆடாமல் பிடித்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் இலக்கு.

நடுக்கட்டுக்கு மூன்று ஹெலிக்ஸ் என்று முடிவு செய்ததில் ஒரு காரணம் உண்டு. ஹெலிக்ஸ்கள் மேலே, கீழே, மேலே என்று மடங்கி வரும்போது எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் தொடக்க முனையும் கடைசி முனையும் எதிரெதிர்ப் பக்கங்களில் விழும். நான்கு ஹெலிக்ஸ் எடுத்தால் இரண்டு முனையும் ஒரே பக்கம் வந்துவிடும், பீப்பாய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். இந்த ஒரு முடிவை மட்டும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அளக்கும் வழி ஃப்ரெட் என்ற ஆற்றல் தாவல். நீலப்பச்சையைத் தூண்டினால் அதன் ஆற்றலில் ஒரு பங்கு அருகில் உள்ள மஞ்சளுக்குத் தாவும். தூரம் கூடினால் ஆறாம் அடுக்கில் குறையும். இந்த ஜோடிக்குப் பாதி ஆற்றல் தாவும் தூரம் சுமார் 5.8 நானோமீட்டர். ஆக 6 நானோமீட்டரில் திறன் (தாவும் ஆற்றலின் பங்கு) 0.45, 7-இல் 0.24, 8-இல் 0.13. எனக்கு வேண்டிய வீச்சுக்கு நன்றாகவே பொருந்தியது.

முதல் வடிவமைப்புக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டொமைன்களுக்கு இடையில் நான்கு கிளைசின், ஒரு செரின் என்ற வழக்கமான லிங்கரை, அதாவது டொமைன்களை இணைக்கும் சிறு துண்டை, இருமுறை அடுக்கிப் போட்டேன், இரண்டு பக்கமும் பத்துப் பத்து. 1988-இல் ஆன்டிபாடித் துண்டுகளை ஒரே சங்கிலியாக இணைக்க இதே அலகை மூன்று முறை அடுக்கினார்கள். அன்று முதல் எல்லோரும் கையில் எடுக்கும் லிங்கர் இது. அமினோ அமில வரிசையை, புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளில் கொடுத்தேன். படம் அழகாக வந்தது. இரண்டு பீப்பாய்களும் நிமிர்ந்து, நடுவில் கட்டு நேராக. மையத்திலிருந்து மையத்துக்கு 7.4 நானோமீட்டர். அந்தத் தூரத்துக்குத் திறன் 0.19 வர வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

இங்கேதான் பெரிய தவறு செய்தேன். ஆல்ஃபாஃபோல்டு இரண்டு விதமான நம்பிக்கை எண்களைத் தரும். ஒன்று பிஎல்டிடிடி, ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் 0 முதல் 100 வரை. மற்றொன்று பிஏஇ, ஒரு இடத்தை நங்கூரமாகப் பிடித்துக்கொண்டால் இன்னொரு இடம் எத்தனை ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) தள்ளிப் போயிருக்கலாம் என்று சொல்லும் சதுரப் படம். நான் பார்த்தது முதலாவதை மட்டும். பீப்பாய்கள் 95-க்கு மேல், கட்டு 90-க்கு மேல், லிங்கர் மட்டும் 40 சொச்சம். லிங்கர்தானே, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிஏஇ படத்தைத் திறந்து பார்த்திருந்தால், மூலைவிட்டத்தில் மூன்று அடர்ந்த கட்டங்களும் மற்ற இடமெல்லாம் 25 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் வெளிறியும் இருந்தது தெரிந்திருக்கும். ஒவ்வொரு டொமைனும் தனக்குள் சரி, ஒன்றுக்கொன்று எங்கே நிற்கிறது என்பதில் மென்பொருளுக்கு எந்தப் பிடியும் இல்லை என்று அந்தப் படம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நான் அளந்த 7.4 நானோமீட்டர் ஆயிரம் நிலைகளில் தற்செயலாக வரையப்பட்ட ஒன்று.

அது தெரியாமல் ஜீன் ஆர்டர் போட்டேன். அதிலும் இரண்டு முட்டுக்கட்டை. நீலப்பச்சையும் மஞ்சளும் ஒரே புரதத்தின் வாரிசுகள் என்பதால் டி.என்.ஏ. வரிசை கிட்டத்தட்ட ஒன்றே. ஒரே ஜீனுக்குள் எழுநூறு எழுத்து இரண்டு முறை வந்தால் தயாரிப்பவர்களால் அதைக் கோக்க முடியாது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருவேளை கோத்துக் கொடுத்திருந்தாலும் பாக்டீரியாவுக்குள் இரண்டு பிரதிகளும் ஒன்றோடொன்று கலந்து நடுப்பகுதி காணாமல் போகும் ஆபத்து உண்டு. மஞ்சளின் கோடான்களை (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துகளை) முழுவதும் மாற்றி எழுதினேன், புரதம் அதேதான், எழுத்து வேறு. 20 எழுத்துக்கு மேல் தொடர்ந்து ஒத்துப்போகும் இடம் எங்கும் இல்லாதபடி ஒரு சின்ன நிரலை ஓடவிட்டு உறுதி செய்துகொண்டேன். லிங்கரிலும் கிளைசினுக்கு நான்கு கோடான்கள் இருப்பதால் மாற்றி மாற்றிப் போட்டேன். மூன்று நாள் வேலை. இப்போது எந்த வடிவமைப்பானாலும் இதை முதல் நாளே செய்துவிடுகிறேன்.

இரண்டாவது முட்டுக்கட்டை எண்ணிக்கை சம்பந்தப்பட்டது. ஜி.எஃப்.பி. வகைப் புரதங்கள் இரண்டு அருகருகே இருந்தால் லேசாக ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. 206-ஆம் இடத்து அலனினை லைசினாக மாற்றினால் அது போய்விடும் என்று 2002-இல் காட்டினார்கள். பெயரில் 'எம்' இருந்தால் அந்த மாற்றம் இருக்க வேண்டும். ஆய்வகத்தின் பழைய கோப்பிலிருந்து நான் எடுத்த வரிசையின் தலைப்பில் எம்வீனஸ் என்றுதான் இருந்தது. 206-ஐப் பார்த்தேன், செரின். சரி, யாரோ மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அந்த இடத்தில் லைசின் போட்டுவிட்டேன். ஆர்டர் அனுப்பும் முன் பக்கத்து மேசைத் தோழியிடம் காட்டியபோது அவர் கேட்டார்: “எண்ணிக்கையை எங்கிருந்து ஆரம்பிச்சீங்க?”

அந்தக் கேள்விதான் காப்பாற்றியது. இ.ஜி.எஃப்.பி. வழிவந்த வரிசைகளில் முதல் மெத்தியோனினுக்கு அடுத்து ஒரு வேலின் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கும். அதற்கு 1ஏ என்று பெயர், பழைய எண்வரிசை குலையாமல் இருக்க அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக ஆய்வுக் கட்டுரைகள் சொல்லும் 206, கோப்பில் எண்ணினால் 207. நான் மாற்றியது 205-ஆம் செரின், ஒளிரும் மையமான குரோமோஃபோரைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் பிணைப்புச் சங்கிலியில் பங்கு உள்ள இடம். உண்மையான 206-இல் அலனின் அப்படியே இருந்தது. அதாவது கோப்பின் தலைப்பும் தவறு, என் எண்ணிக்கையும் தவறு. இப்போதெல்லாம் எண்ணை நம்புவதில்லை, சுற்றியுள்ள எழுத்துகளை ஒப்பிட்டுத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறேன்.

ஜீன் வந்தது, சுமார் 1,700 எழுத்து. ஈ. கோலை பாக்டீரியாவின் பி.எல்.21 டி.இ.3 வகையில் ஏற்றி, 37 டிகிரியில் வளர்த்து, பிறகு 18 டிகிரிக்கு இறக்கி, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி.யை 0.2 மில்லிமோலார் சேர்த்து இரவு முழுவதும் விட்டேன். குடுவையில் கால்பங்குக்கு மேல் ஊடகம் ஊற்றவில்லை. குரோமோஃபோர் முதிர ஆக்சிஜன் வேண்டும், காற்று போதாவிட்டால் புரதம் மடிந்தும் ஒளிராமல் கிடக்கும். காலையில் பெல்லட் (அடியில் படியவைத்த பாக்டீரியா) பளிச்சென்ற மஞ்சள். புரதத்தின் முனையில் வைத்த ஹிஸ்டிடின் வாலைப் பிடிக்கும் நிக்கல் நெடுவரிசையில் (தூய்மைப்படுத்தும் குழாயில்) 20 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி 250-இல் இறக்கினேன்.

புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லைக் கொதிக்க வைக்காத மாதிரியுடன் ஓட்டி நீல ஒளியில் பார்த்தால் பட்டைகள் தாமாகவே ஒளிரும், சாயம் வேண்டாம். அதில் இரண்டு பட்டை இருந்தது. முழு நீளம் ஒன்று, சிறிய துண்டு ஒன்று. பாக்டீரியாவின் புரோட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதிகள்) லிங்கரில் வெட்டியிருக்கின்றன. ஹிஸ்டிடின் வால் முன்பக்கம் மட்டும் இருந்ததால், மஞ்சளை இழந்த பாதிப் புரதமும் நெடுவரிசையில் சேர்ந்தே வந்துவிட்டது. அளவுப் பிரிப்பு நெடுவரிசையில் மறுபடி ஓட்டிப் பிரித்தேன். அடுத்த எல்லா வடிவமைப்புகளிலும் பின்பக்கம், வேறொரு நெடுவரிசை பிடிக்கும் ஸ்ட்ரெப் வால் ஒன்றும் சேர்த்தேன். இரண்டு வாலும் உள்ளது மட்டும்தான் இரண்டு நெடுவரிசைகளையும் தாண்டும்.

அப்புறம் அளவீடு. 0.2 மைக்ரோமோலார், 100 மைக்ரோலிட்டர், கறுப்புத் தட்டு, 430 நானோமீட்டரில் தூண்டி 474-இல் நீலப்பச்சையைப் படித்தேன். பிறகு புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதி சேர்த்து இணைப்பை வெட்டினேன். பீப்பாய்களை டிரிப்சினால் ஒன்றும் செய்ய முடியாது, இடையில் உள்ளது மட்டும் அறுபடும். இரண்டும் பிரிந்ததும் நீலப்பச்சை முழு வெளிச்சத்துக்கு ஏறும். ஏறிய அளவிலிருந்து திறன் நேராக வந்துவிடும்.

வந்தது 0.38. நோட்டில் எழுதியிருந்தது 0.19.

ஒரு வாரம் கருவியைச் சந்தேகப்பட்டேன். மஞ்சள் முழுதாக முதிர்ந்திருக்கிறதா என்று உறிஞ்சலைப் பார்த்தேன். ஒளியை உறிஞ்சும் குணகம் எம்வீனஸுக்கு 515 நானோமீட்டரில் சுமார் 92,000, எம்டர்குவாய்ஸ்2-க்கு 434-இல் சுமார் 30,000, ஆக விகிதம் 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 2.9 இருந்தது. அதில் குறையில்லை. அதற்குப் பிறகுதான் பிஏஇ படத்தைத் திறந்தேன். வளையும் லிங்கர் பீப்பாய்களை எல்லா நிலைக்கும் கொண்டுபோகிறது. ஆறாம் அடுக்கு என்பதால் நெருங்கி வரும் சில கணங்கள்தான் சராசரியைத் தூக்கிவிடுகின்றன. படத்தில் தெரிந்த நிமிர்ந்த நிலை உண்மையில் நிலையே இல்லை.

இரண்டாவது வடிவமைப்பில் லிங்கரை விறைப்பாக்கினேன். குளூட்டமிக் அமிலம், மூன்று அலனின், லைசின் என்ற ஐந்தெழுத்து அலகு. அராய் குழுவினர் 2001-இல் இதையே நீல, பச்சை ஒளிர் புரதங்களுக்கு நடுவில் அடுக்கி, அலகு கூடக்கூட ஃப்ரெட் குறைவதைக் காட்டியிருந்தார்கள். அலகுக்குள் ஹெலிக்ஸ் தானாக உருவாகும், குளூட்டமிக் அமிலமும் லைசினும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். பக்கத்துக்கு இரண்டு அலகு. மாதிரியில் 8.1 நானோமீட்டர், எதிர்பார்த்தது 0.12. வந்தது 0.31.

முன்பைவிடக் குறைந்தது உண்மை. ஆனால் விறைப்பான கம்பு நடுவில் இருந்தால் இப்படி வராது. இந்த முறை பிஏஇ படத்தோடு உட்கார்ந்தேன். கட்டும் அதன் இரு பக்க லிங்கர்களும் சேர்ந்து ஒரே அடர்ந்த கட்டமாக இருந்தன. கம்பு கம்பாகத்தான் இருக்கிறது. வெளிறல் தொடங்குவது நீலப்பச்சைப் பீப்பாயின் கடைசியில், லிங்கர் தொடங்குவதற்குப் பத்து அமினோ அமிலம் முன்பே.

படிகக் கட்டமைப்புக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். கோப்பில் இரண்டு பகுதி இருக்கும். மேலே முழு வரிசை எழுத்துகளாக, கீழே கண்ணுக்குத் தெரிந்த அணுக்களின் இடங்கள். மேலே 238 வரை இருக்கிறது. கீழே அணுக்கள் 230-ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. மீதி ஆடிக்கொண்டிருப்பதால் எக்ஸ்-கதிருக்குத் தெரியவில்லை. நான் விறைப்பான கம்பை ஆடும் கயிற்றின் நுனியில் கட்டியிருக்கிறேன். கம்பு எவ்வளவு நேராக இருந்து என்ன பயன்?

இந்த வால் தேவையில்லை என்பது 1997-லிருந்தே தெரிந்த விஷயம். 7 முதல் 229 வரை இருந்தால் ஒளிரும் என்று அந்த ஆண்டு ஒரு குழு ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்துச் சொன்னது. அதே ஆண்டு மியாவாக்கியும் சியெனும் கால்சியத்தை அளக்கச் செய்த கேமிலியான் என்ற ஒளிர் உணரிகளில் நீலப்பச்சையின் கடைசி 11 அமினோ அமிலங்களை வெட்டியிருந்தார்கள். நான் இரண்டையும் படித்தவன்தான். ஆனால் லிங்கரில் மட்டும் கண்ணை வைத்திருந்ததால் லிங்கர் எதில் போய் ஒட்டுகிறது என்று பார்க்கவில்லை. இரண்டு வடிவமைப்பும் விழுந்த இடம் டொமைனோ லிங்கரோ இல்லை, இரண்டும் சேரும் மூட்டு.

மூன்றாவது முறை மூட்டிலிருந்து தொடங்கினேன். லிங்கர் என்ற சொல்லையே நோட்டிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு மூட்டுகள், இரண்டும் வேறு வேறு வகை.

கட்டிலிருந்து மஞ்சளுக்குப் போகும் மூட்டு எளிது. கட்டின் மூன்றாவது ஹெலிக்ஸ் அங்கே முடிகிறது. மஞ்சள் பீப்பாயின் தொடக்கத்திலும் ஒரு குட்டி ஹெலிக்ஸ் திருப்பம் இருக்கிறது. மஞ்சளின் முதல் நான்கு அமினோ அமிலங்களை வெட்டிவிட்டு இரண்டையும் ஒரே ஹெலிக்ஸாக ஓடவிடலாம். இப்படிப் பொது ஹெலிக்ஸ் வழியாகப் புரதங்களை விறைப்பாக இணைக்கும் யோசனையை யேட்ஸ் குழுவினர் 2001-இல் புரதக் கூண்டுகள் கட்டுவதற்காக முன்வைத்தார்கள். இதன் வசதியும் தொல்லையும் ஒன்றுதான். ஹெலிக்ஸில் ஒரு அமினோ அமிலம் கூட்டினால் நீளம் 0.15 நானோமீட்டர் மட்டும் கூடும், ஆனால் அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் 100 டிகிரி சுழன்றுவிடும். ஒரே ஒரு அமினோ அமிலம், முழு பீப்பாயும் வேறு திசையைப் பார்க்கும்.

அதனால் 0 முதல் 7 வரை எட்டு நீளத்துக்கும் மாதிரி கட்டினேன். கட்டின் கடைசி நான்கு அமினோ அமிலங்களின் மேல் ஒரு இலட்சிய ஹெலிக்ஸைப் பொருத்தி, அதன் மறுமுனையில் பீப்பாயின் குட்டி ஹெலிக்ஸைப் பொருத்தி, முதுகெலும்பு அணுக்கள் (புரதச் சங்கிலியின் நடுத்தண்டு அணுக்கள்) 3 ஆங்ஸ்ட்ராமுக்குள் இடிக்கிறதா என்று எண்ணும் நிரல். எட்டில் மூன்று இடித்தன. மீதி ஐந்து.

நீலப்பச்சையிலிருந்து கட்டுக்குப் போகும் மூட்டுதான் சிரமம். பீப்பாயின் கடைசிப் பகுதி பீட்டா இழை, நீட்டுவதற்கு அங்கே ஹெலிக்ஸ் இல்லை. இங்கே 2023-இல் வெளியான, புதுப் புரத வடிவங்களை உருவாக்கும் ஆர்எஃப்டிஃப்யூஷன் மென்பொருளைப் பயன்படுத்தினேன். பீப்பாயை 228 வரை தொடாதே, கட்டைத் தொடாதே, இடையில் 8 முதல் 14 அமினோ அமிலத்துக்கு முதுகெலும்பு கட்டு என்று சொன்னால் போதும். 200 முதுகெலும்புகள். பல வெறும் வளையமாக வந்தன, பீப்பாயின் அடிப்பகுதியில் சாய்ந்து உட்காரும் சிறு ஹெலிக்ஸோடு சில வந்தன. அந்தச் சாய்வுதான் வேண்டும். சாய்ந்து ஒட்டினால் ஆடாது.

ஒவ்வொன்றுக்கும், முதுகெலும்புக்கு ஏற்ற அமினோ அமில வரிசையை எழுதும் புரோட்டீன்எம்பிஎன்என் வழியாக எட்டு வரிசை, மொத்தம் 1,600. இந்தக் கட்டத்தில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது குரோமோஃபோர். 65, 66, 67 ஆகிய மூன்று அமினோ அமிலங்கள் பீப்பாய்க்குள் ஒரு வளையமாக இணைந்து உருவாவது அது. படிகக் கோப்பில் மூன்றும் சேர்ந்து தனிப் பெயருள்ள ஒரே மூலக்கூறாக எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான நிரல்கள் அதை அமினோ அமிலம் அல்ல என்று தூக்கிப் போட்டுவிடும். என் முதல் ஓட்டத்தில் பீப்பாயின் நடுவில் மூன்று அமினோ அமிலம் காணாமல் போய் 64-க்கு அடுத்து 68 ஒட்டிக்கொண்டது. கண்ணால் பார்க்காமல் விட்டிருந்தால் ஒளிராத புரதம்தான் கிடைத்திருக்கும். மறுபடி செருகி, மூட்டையும் அது தொடும் மேற்பரப்பையும் தவிர மற்ற எல்லா இடங்களையும் பூட்டினேன். இந்த மென்பொருளுக்கு முதுகெலும்பு மட்டும்தான் தெரியும், குரோமோஃபோர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பூட்டாவிட்டால் அதை நல்லெண்ணத்தோடு மாற்றி எழுதிவிடும்.

இரண்டாவது பொறி, சரிபார்ப்பில். 1,600 வரிசைக்கும் ஆல்ஃபாஃபோல்டு ஓட்ட பிற உயிர்களின் ஒத்த புரத வரிசைகளின் அடுக்கை ஒவ்வொரு முறையும் தேடினால் நாள்கணக்கில் ஆகும். தேடாமல் ஒற்றை வரிசையாகக் கொடுத்தேன். ஆல்ஃபா3டி போன்ற செயற்கைக் கட்டு அப்படியும் சரியாக மடிந்தது, பீப்பாய் குலைந்துபோனது. இயற்கைப் புரதத்துக்கு அந்த அடுக்கு வேண்டும். கடைசியில் பீப்பாய்க்கு மட்டும் ஒருமுறை அடுக்கைத் தேடி வைத்துக்கொண்டு, மூட்டும் கட்டும் வரும் பத்திகளை வெற்றிடமாக நிரப்பிக் கொடுத்தேன். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் வீதம் ஒரே ஜி.பி.யு.வில் 40 மணி நேரம். மூட்டில் பிஎல்டிடிடி 85-க்கு மேல், டொமைன்களுக்கு இடையே பிஏஇ 5 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழ் என்று சல்லடை வைத்ததில் 23 தேறின. எல்லாவற்றையும் திரையில் ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்த்து ஒன்றை எடுத்தேன். மூட்டின் ஹெலிக்ஸிலிருந்து ஒரு லியூசின் பீப்பாயின் அடியில் உள்ள பள்ளத்தில் சரியாக விழுந்திருந்தது. கண்ணில் நின்றது அதுதான்.

அந்த ஒரு மூட்டுடன், மறுபக்கம் 0, 1, 3, 4 கூடுதல் அமினோ அமிலம் என நான்கு ஜீன் ஆர்டர் போட்டேன். நீளத்துக்கு நீளம் சோதிக்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. ஃப்ரெட் கணக்கில் இரண்டு குரோமோஃபோர்களின் இருமுனைகளும் (ஒளியை உமிழும், உறிஞ்சும் திசைகளும்) எந்தக் கோணத்தில் பார்த்துக்கொள்கின்றன என்ற காரணி ஒன்று உண்டு, கப்பா வர்க்கம். இரண்டும் வேகமாக எல்லாத் திசையும் சுழன்றால் மூன்றில் இரண்டு என்று சராசரியாக வைத்துக்கொள்ளலாம். 5.8 நானோமீட்டர் என்பதே அந்த அனுமானத்தில் வந்த எண். நான் விறைப்பாக்க விறைப்பாக்க அந்த அனுமானம் உடைகிறது. கப்பா வர்க்கம் 0 முதல் 4 வரை எங்கு வேண்டுமானாலும் போகலாம். முதலில் இது தொந்தரவாகத் தெரிந்தது. பிறகுதான் இதுவே சோதனை என்று புரிந்தது. மூட்டு ஆடினால் ஒரு அமினோ அமிலம் கூட்டுவதால் பெரிதாக ஒன்றும் மாறாது, திறன் மெல்ல இறங்கும். மூட்டு உண்மையிலேயே விறைப்பு என்றால் 100 டிகிரி சுழற்சியில் திறன் ஏறியிறங்க வேண்டும்.

ஆல்ஃபாஃபோல்டு குரோமோஃபோரை வரையாது. அதனால் படிகப் பீப்பாய்களை மாதிரியின் மேல் பொருத்தி, குரோமோஃபோரின் இருமுனைத் திசையை எடுத்து, கோணமும் தூரமும் சேர்த்துத் திறன் கணக்கிட்டேன். அறுபது வரிப் பைத்தான். 0-க்கு 0.08, 1-க்கு 0.29, 4-க்கு 0.12. இந்த முறை எண்களை நோட்டில் எழுதித் தோழியிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினேன், பின்னால் எனக்கே மாற்றத் தோன்றக்கூடாது என்று.

நான்கில் மூன்று கரைந்து வந்தன. 3 கூட்டியது முழுவதும் இன்க்ளூஷன் பாடியாக, அதாவது கரையாத கட்டியாக, அடியில் படிந்தது. 15 டிகிரியில் முயன்றும் மாறவில்லை. மற்ற மூன்றும் இரண்டு நெடுவரிசைகளைத் தாண்டி, ஜெல்லில் ஒற்றைப் பட்டையாக ஒளிர்ந்தன. வெட்டுப்பட்ட துண்டு இல்லை. ஆடும் இடம் இல்லாததால் புரோட்டியேஸுக்குப் பிடி கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் அளவீட்டில் மூன்றுமே 0.05-ஐ ஒட்டி வந்தபோது நெஞ்சு படபடத்தது. காரணம் டிரிப்சின். வளையும் லிங்கருக்கு 20 நிமிடம் போதுமாக இருந்தது. இந்த இறுக்கமான கட்டு அவ்வளவு சீக்கிரம் அறுபடவில்லை. பாதி அறுபடாமலே கணக்குப் போட்டால் திறன் குறைவாகத்தான் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்துக்கொண்டே இருந்தேன். வரைபடம் கிடையாக நிற்க ஏழு மணி நேரம் ஆனது. 0-க்கு 0.11, 1-க்கு 0.27, 4-க்கு 0.15.

4 அமினோ அமிலம் என்றால் 400 டிகிரி, ஒரு முழுச் சுற்று போக 40. அதனால்தான் அது 0.6 நானோமீட்டர் நீண்டும் 0-வின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. 1 மட்டும் தனியாக மேலே. மூன்று தனித்தனி வளர்ப்பில் செய்து பார்த்தேன், வரிசை மாறவில்லை, எண்கள் 0.02-க்குள் நின்றன. எதிர்பார்த்த எண்களோடு முழுவதும் ஒத்துப்போகவில்லை, ஏற்ற இறக்கம் நான் கணக்கிட்டதைவிடக் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. மூட்டில் இன்னும் சில டிகிரி ஆட்டம் மிச்சம் இருக்க வேண்டும். முதல் மூட்டா இரண்டாவதா என்பதை இந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

மொத்தச் செலவு: ஆறு ஜீன், அதில் இரண்டு முழுவதும் வீண், ஒன்று பாதி வீண். ஜி.பி.யு. நேரம் எல்லாம் சேர்த்து 70 மணிக்கும் குறைவு. மீதி எல்லாம் காத்திருப்பும் வளர்ப்பும் தூய்மைப்படுத்தலும். முதல் இரண்டு வடிவமைப்புக்கும் போன ஐந்து மாதத்தை, பிஏஇ படத்தை அன்றே பத்து நிமிடம் பார்த்திருந்தால் மிச்சப்படுத்தியிருக்கலாம்.

அடுத்த முறை படிகக் கோப்பின் மேல் வரிசையையும் கீழ் அணுக்களையும் ஒப்பிட்டு, ஆடும் முனைகளை முதலில் வெட்டிவிட்டுத்தான் எதையும் இணைப்பேன். முதல் மூட்டுக்கு ஒன்றை மட்டும் நம்பாமல் 23-இல் மூன்றையாவது எடுப்பேன். நடுக்கட்டில் டெவ் புரோட்டியேஸ் வெட்டும் இடம் ஒன்றைச் சிறு வளையத்தில் வைத்தால் ஏழு மணி நேரக் காத்திருப்பு குறையலாம், ஆனால் அந்த வளையமே ஆட்டத்தைக் கொண்டுவருமா என்று முதலில் பார்க்க வேண்டும். 3 கூட்டிய வடிவத்தின் பெல்லட் இன்னும் மைனஸ் 80-இல் இருக்கிறது. 300 டிகிரி, கணக்குப்படி திறன் 0.2-ஐ ஒட்டி வர வேண்டும். எம்பிஎன்என்னிடம் அதன் மேற்பரப்பை மட்டும் மறுபடி எழுதச் சொல்லி நேற்று எட்டு வரிசை எடுத்திருக்கிறேன். அதில் இரண்டுக்குத் திங்கட்கிழமை ஆர்டர் போகிறது.